மூலையில் நின்ற சிலிண்டர்

பிராணவாயு என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. லவாய்சியே அந்த வாயுவுக்கு வைத்த பெயருக்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்று அர்த்தம். அது பிழையான பெயர். எல்லா அமிலங்களிலும் அந்த வாயு இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தப் பிழை ரசாயனத்தோடு நின்றுவிட்டது. நம்முடைய பெயர் அப்படியல்ல. பிராணன் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டு, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று கேட்பதற்கு இடம் வைக்காமல் போய்விட்டது. உயிர்வளி என்று தமிழாக்கியபோது வடமொழி போயிற்று, தீர்ப்பு போகவில்லை. நீலம் பாரித்துக் கிடக்கிற ஒரு சிசுவுக்கு அமிலம் பிறப்பிக்கிற வாயுவைத் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்போம். பிராணவாயு தரமாட்டேன் என்று சொன்னால் அவர் மனுஷர்தானா என்று கேட்போம்.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது விமர்சகர்களின் வியாதி என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். இருக்கலாம். ஆனால் இந்தச் சொல்லை நான் தேடிப் போகவில்லை. என் மகள் பிறந்த நாளிலிருந்து அது என் வீட்டில் குடியிருக்கிறது. "அன்னைக்கு ஆக்சிஜன் வச்சிருந்தா" என்று ஒரு வாக்கியம். அது அதற்கு மேல் போனதில்லை. என் மனைவியும் அதை முடித்ததில்லை, நானும் முடித்து வைத்ததில்லை.

அவள் 2017இல் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பதால் மாமியார் உள்ளே இருந்தார். நான் வராந்தாவில் இருந்தேன். ஆகவே அந்தச் சில நிமிஷங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கண்ணால் கண்டது. குழந்தை வெளியே வந்தது, அழவில்லை. துணியால் அழுத்தித் துடைத்தார்கள். முதுகைத் தேய்த்தார்கள். அப்புறமும் அழவில்லை. சூடேற்றும் விளக்கின் கீழே கிடத்தி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு சின்ன ரப்பர் மூடியை வைத்து, அதோடு சேர்ந்த ஒரு பந்தை ஒரு சிஸ்டர் அமுக்க ஆரம்பித்தார்.

"நாவப்பழ நெறத்துல கெடந்தா மாப்பிள்ளை. மூலையில சிலிண்டர் நிக்குது. அந்தப் பொண்ணு அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை. வெறுங்காத்தையே அமுக்கிக்கிட்டு நின்னுச்சு."

வெறுங்காற்று. என் மாமியாரின் குற்றச்சாட்டு முழுக்க அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. குழந்தை பிறகு அழுதது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் முதல் நிமிஷத்துக்கு 4 மதிப்பெண்ணும் ஐந்தாவது நிமிஷத்துக்கு 8 மதிப்பெண்ணும் எழுதியிருந்தது. அந்தக் காகிதம் இன்னும் எங்கள் பீரோவில், எல்.ஐ.சி. பத்திரங்களோடு இருக்கிறது.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். மகளுக்குப் பேச்சு வரத் தாமதமானது. இரண்டரை வயது வரை 'அம்மா'வைத் தவிர வேறு வார்த்தை இல்லை. காது நன்றாக இருக்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் அழைத்துப் போனோம். மூன்று வயதுக்கு மேல் பேச்சு வந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சண்டை போடுகிறாள், பாட்டியைக் கேலி செய்கிறாள். சில வார்த்தைகளில் மட்டும் தடுக்கி நிற்பாள். அப்படி நிற்கிற ஒவ்வொரு தடவையும் என் மனைவியின் முகத்தில் அந்த முடியாத வாக்கியம் வந்துபோகும். 2021 ஏப்ரல், மே மாதங்களில், டெல்லியில் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு ஜனங்கள் ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அது இன்னும் கூர்மையாயிற்று. காசு கொடுத்தும் கிடைக்காத வஸ்து அன்றைக்கு மூலையில் சும்மா நின்றதே என்பதுதான்.

பேங்கில் மத்தியானம் சாப்பாட்டு நேரம் அரைமணி. அந்த அரைமணிகளில் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆங்கில இலக்கியப் பட்டம் வைத்தியக் கட்டுரைகளைப் படிக்க உதவாது என்று நினைக்க வேண்டாம். அவற்றில் பாதி அடைப்புக்குறிகள். மீதியில் மனிதர்கள் தாங்கள் நம்பியதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் தவிக்கிற தவிப்பு. இரண்டாவதைப் படிக்க எனக்குப் பழக்கம் உண்டு.

முதலில் நிறம். என் மாமியார் பார்த்த நாவல்பழ நிறம் பொய்யல்ல. ஆனால் அது எதற்கு அடையாளம்? கர்ப்பத்தில் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். ஆக்சிஜன் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சு வழியாக வருகிறது, அதுவும் சிக்கனமாகத்தான். கருவின் ஸ்திதியை எவரெஸ்ட் உச்சியில் இருப்பவனின் ஸ்திதியோடு ஒப்பிடுகிற பேச்சு ஜோசப் பார்க்ராஃப்டின் ஆராய்ச்சிகளிலிருந்து வந்தது. அந்த உச்சியிலிருந்து குழந்தை சில நிமிஷங்களில் சமதரைக்கு இறங்க வேண்டும். எல்லாக் குழந்தைகளும் அப்படி இறங்குகிறவைதான். எந்த உதவியும் தேவைப்படாமல் தானே அழுத 468 குழந்தைகளின் வலது கையில் மானியைக் கட்டி அளந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவின் நடுமதிப்பு முதல் நிமிஷத்தில் 66 சதவீதம். ஐந்தாவது நிமிஷத்தில் 89. பெரியவர்களில் ஒருவருக்கு 66 என்று காட்டினால் வீடே அலறும். 2021இல் விரல்நுனியில் மானியை மாட்டிக்கொண்டு 94க்கும் 93க்கும் இடையில் நாம் எவ்வளவு அலறினோம்! ஆனால் பிறந்த குழந்தைக்கு முதல் நிமிஷத்தில் 66 ஆரோக்கியம். ஆரோக்கியமான குழந்தையும் நீலமாகத்தான் வருகிறது. உள்ளிருந்து வெளியே மெதுவாகச் சிவக்கிறது. கையும் காலும் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நீலமாகவே இருக்கலாம்.

அந்தக் காகிதத்தில் இருந்த 4, 8 என்ற மதிப்பெண்களுக்கு விர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க மயக்கமருந்து நிபுணரின் பெயர். 1953இல் அவர் அந்த முறையை வெளியிட்டார். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் சிணுங்குவது, நிறம் என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2. இந்த ஐந்தில் நிறம்தான் மிகவும் திருப்தி தராத அடையாளம் என்று அந்த முதல் கட்டுரையிலேயே அவர் எழுதியிருக்கிறார். ஆனால் சுற்றி நிற்பவர்களின் கண்ணுக்கு எட்டுவது அது ஒன்றுதான். இதயத்துடிப்பு கேட்கிறவருக்கு மட்டும் கேட்கிறது. நிறத்தைப் பாட்டியும் பார்க்கலாம்.

இரண்டாவது, அந்தப் பந்து. மூச்செடுக்காத குழந்தைக்கு முதலில் இல்லாமல் போவது நுரையீரல் விரிவது. திரவம் ஒதுங்கி, காற்று புகுந்து, நுரையீரல் விரிந்தால் அதன் ரத்தக்குழாய்கள் திறக்கின்றன. அதற்கப்புறம்தான் உள்ளே வருகிற ஆக்சிஜன், அது 21 சதவீதமானாலும் 100 சதவீதமானாலும், ரத்தத்துக்குப் போக வழி கிடைக்கிறது. மூடிய கதவுக்கு முன்னால் மூட்டையை அடுக்கிப் பிரயோஜனமில்லை. ஆகவே நிமிஷத்துக்கு 40 முதல் 60 தடவை அந்தப் பந்தை அமுக்குவதுதான் முதல் வைத்தியம். அது வேலை செய்கிறதா என்பதற்கு முதல் சாட்சி இதயத்துடிப்பு ஏறுவது. நிறம் பின்னால் வந்து சேரும். சரியாக அமுக்கியும் துடிப்பு 60க்குக் கீழேயே நின்றால் மார்பை அழுத்த வேண்டும். அப்போது சிலிண்டரும் திறக்கப்படும். ஆக அது மூலையில் நின்றதற்கும் ஒரு முறை இருக்கிறது.

இது இன்றைய முறை. என் மகள் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்னால், 2010இல்தான் சர்வதேச வழிகாட்டுதல்கள், நாள் நிறைந்து பிறந்த குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம் என்று உறுதியாகச் சொல்லத் துணிந்தன. உலக சுகாதார ஸ்தாபனம் 2012இல் அதையே சொன்னது. அதற்கு முன்னால் பல பத்து வருஷங்களுக்கு மூச்சில்லாத சிசுவுக்கு 100 சதவீத ஆக்சிஜன் என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்ட விஷயம். யாரும் அதைப் பரிசோதித்து ஏற்றுக்கொள்ளவில்லை. பரிசோதிக்கத் தேவை இருப்பதாக யாருக்கும் படவில்லை. அதைத்தான் தீர்ப்பு என்று முதலில் சொன்னேன்.

இத்தனைக்கும் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1774இல் இந்த வாயுவைப் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லி அதில் அடைத்த எலி சாதாரணக் காற்றில் பிழைப்பதைவிட அதிக நேரம் பிழைத்ததைக் கண்டார். தானும் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு லேசானதுபோல் இருந்தது என்றார். கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுதிவைத்தார். மெழுகுவர்த்தி இதில் சீக்கிரமாக எரிந்து தீர்கிறது. ஆரோக்கியமான மனிதனும் அப்படியே தீர்ந்துபோகலாம் என்பது. கண்டுபிடித்தவனுக்கு இருந்த சந்தேகம் உபயோகித்தவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

அதற்கு விலை உண்டு. 1942இல் பாஸ்டனில் தியோடர் டெர்ரி என்ற கண் வைத்தியர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வருகிற ஒரு புதுவிதக் குருட்டை விவரித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் உலகம் முழுக்க ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல இன்குபேட்டர், தாராளமான ஆக்சிஜன் இருந்த இடங்களில்தான் அதிகம். ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்று 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பெல் எழுதினார். வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்ற இளம் டாக்டர் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தாராளமாகவும் ஒரு பகுதிக்குத் தேவை இருந்தால் மட்டும் குறைவாகவும் ஆக்சிஜன் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முனைந்தார். குறைவாகக் கொடுக்க வேண்டிய குழந்தைகளுக்கு ராத்திரியில் சில நர்ஸ்கள் யாருக்கும் தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டார்களாம்.

இந்த இடத்தைத் தாண்டி எனக்குப் பல நாள் படிக்க ஓடவில்லை. அந்த நர்ஸ்களை யாராலும் குறை சொல்ல முடியாது. டாக்டர்கள் கணக்குக்காகக் குழந்தைகளை மூச்சுத்திணற விடுகிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வேலை போனாலும் போகட்டும் என்று, ஒரு குழாயைத் திறந்தார்கள். அதைவிடச் சுத்தமான கருணையை நான் யோசிக்க முடியவில்லை. அந்தக் கருணை ஒரு ஜோடிக் கண்களைக் கொண்டுபோக வல்லது என்பதும் வாஸ்தவம். 1953-54இல் அமெரிக்காவின் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிலைநாட்டியது.

கதை அங்கே முடிந்திருந்தால் நீதிக்கதையாகியிருக்கும். முடியவில்லை. ஆக்சிஜன் விஷம் என்று பயந்து எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தார்கள். குருடு குறைந்தது. குறைமாதக் குழந்தைகள் மூச்சில்லாமல் சாவது அதற்குத் தக்கபடி குறையாமல் நின்றது. 1973இல் கே. டபிள்யூ. கிராஸ் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு குழந்தையின் பார்வையைக் காப்பாற்ற ஏறக்குறைய 16 குழந்தைகளின் உயிர் போயிருக்கலாம் என்று. ஒரு பக்கம் ஒரு பிடிவாதம், மறுபக்கம் இன்னொரு பிடிவாதம். நடுவில் 900 கிராம் எடையுள்ள ஒரு ஜீவன்.

இந்தச் சரித்திரம் இருந்தும், பிறந்த கணத்தில் மூச்சில்லாத குழந்தை விஷயத்தில் 100 சதவீதம் அசையாமல் நின்றது. அதை அசைத்தவர் ஆஸ்லோவைச் சேர்ந்த ஓலா சாக்ஸ்டாட். ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கிற திசுக்களில் ஹைபோசாந்தின் என்ற ஒரு பொருள் சேர்கிறது. பட்டினிக்குப் பிறகு ஆக்சிஜன் வெள்ளமாக வந்தால் இந்தப் பொருள் அதோடு சேர்ந்து, பக்கத்தில் இருக்கும் எதையும் தாக்கக்கூடிய மூலக்கூறுகளைப் பிறப்பிக்கிறது. அப்படியானால், கெடுதல் மூச்சில்லாத நேரத்தில் மட்டுமல்ல, நாம் உதவிக்கு வருகிற நேரத்திலும் நடக்கலாம். மிருகங்களில் பார்த்தார். குழந்தைகளில் பார்ப்பது எப்படி? 100 சதவீதத்தைக் கொடுக்காமல் இருப்பது அதர்மம் என்று நம்புகிற ஆஸ்பத்திரிகளில் அதைக் கேட்கவே முடியாது. டெல்லியில் சித்தார்த் ராம்ஜி கேட்டார். ஆக்சிஜன் எப்போதும் கைக்கெட்டாத தேசத்தில்தான், அது இல்லாமல் முடியுமா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. சாக்ஸ்டாடும் அவரும் சேர்ந்து 84 குழந்தைகளில் செய்த முதல் ஆய்வு 1993இல் வெளிவந்தது. காற்று தோற்கவில்லை.

அதற்கடுத்த பெரிய ஆய்வு 1998இல் வந்தது. ஆறு நாடுகள், 10 ஆஸ்பத்திரிகள், 609 குழந்தைகள். யாருக்குக் காற்று, யாருக்கு ஆக்சிஜன் என்பதைத் தேதி தீர்மானித்தது. இரட்டைப்படைத் தேதியில் பிறந்தால் காற்று. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தால் ஆக்சிஜன். தினம் காலையில் தேதி முத்திரையின் சக்கரத்தைத் திருப்புகிறவன் நான். ஒரு பல் தள்ளினால் நாள் மாறும், வட்டி மாறும் என்பது தெரியும். இப்படி ஒன்று அதில் மாறலாம் என்று நினைத்ததில்லை.

காற்றில் தொடங்கிய 288 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 13.9 சதவீதம். ஆக்சிஜனில் தொடங்கிய 321 பேரில் 19 சதவீதம். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் இருந்ததால் ஆய்வாளர்கள் வெற்றி என்று கூவவில்லை. ஆனால் ஒன்று என்னை நிறுத்தியது. காற்று பெற்ற குழந்தைகள் முதல் அழுகையை 1.6 நிமிஷத்தில் அழுதன. ஆக்சிஜன் பெற்றவை 2 நிமிஷத்தில். பிராணவாயு பிராணனைக் கொஞ்சம் தாமதப்படுத்தியிருக்கிறது. 2004இல் ஐந்து ஆய்வுகளின் 1302 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சித்திரம் தெளிந்தது. இறப்பு காற்றில் 8 சதவீதம், ஆக்சிஜனில் 13. 20 குழந்தைகளைக் காற்றில் எழுப்பினால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கும்.

என் மகள் பிறந்தது ஒற்றைப்படைத் தேதி. அந்த ஆய்வில் பிறந்திருந்தால் அவளுக்குச் சிலிண்டர் திறக்கப்பட்டிருக்கும்.

கருத்து நல்லதாக இருந்துவிட்டால் கவிதையும் நல்லதாகிவிடும் என்ற நம்பிக்கையோடு சிறுபத்திரிகைகள் எத்தனையோ வருஷம் மல்லுக்கு நின்றிருக்கின்றன. நானும் அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தில் நிற்பவன். நோக்கத்தைக் காட்டி மதிப்பீட்டிலிருந்து தப்பிக்க முடியாது என்பதுதான் அந்தப் பக்கத்தின் வாதம். இந்த வைத்தியச் சரித்திரத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது ஒருவித சந்தோஷம். நம் கட்சிக்கு ஆஸ்லோவிலும் டெல்லியிலும் சாட்சி கிடைத்துவிட்டது என்று. அது அதிக நேரம் நிற்கவில்லை. அங்கே தோற்றால் மிஞ்சுவது ஒரு மோசமான கவிதை. யாரும் அதைப் படிக்காமல் விடலாம். இங்கே அப்படி விட முடியாது. இன்னொரு வேற்றுமையும் இருக்கிறது. விமர்சனம் ஒரு கவிதைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு கவிதைகளில் 13 மோசம் என்று சொல்கிறவன் விமர்சகன் அல்ல. ஆய்வு நேர் எதிர். 20 பேரில் ஒருவர் என்று சொல்லும். யார் அந்த ஒருவர் என்று ஒருநாளும் சொல்லாது. காற்றால் பிழைத்த அந்த ஒரு குழந்தை எங்கோ ஓர் ஊரில் இன்று கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அதுதான் அது என்று அதற்கும் தெரியாது, அதைப் பெற்றவளுக்கும் தெரியாது.

என் மனைவி கேட்பது அந்த ஒன்றைப் பற்றி. அவளுக்கு 1302 பேர் வேண்டாம். ஒருத்திதான். அந்த ஒருத்தி ஏன் 'ப'வில் தடுக்கி நிற்கிறாள் என்பதுதான். பிறந்தபோது அழாமல் இருந்த பல குழந்தைகள் தடங்கலின்றிப் பேசுகின்றன; வீறிட்டு அழுதபடி பிறந்த பல குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகிறது. இதை அவளிடம் சொன்னேன். எனக்கு இன்னும் காரணம் வேண்டியிருக்கிறது, நீங்கள் காரணமே தேவையில்லை என்கிறீர்கள் என்றாள். அப்படிச் சொல்லவில்லை என்றேன். ஆனால் அவள் சொன்னது என்னுடைய புள்ளிவிவரத்தின் சரியான சுருக்கம்தான்.

இதிலிருந்து இன்னொரு மந்திரத்தைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றே போதும் என்பது நாள் நிறைந்த, அல்லது ஏறக்குறைய நிறைந்த, குழந்தைகளின் விஷயம். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் வேறு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 28 வாரத்துக்கு முன்னால் பிறந்து காற்றில் தொடங்கிய குழந்தைகள் ஆக்சிஜனில் தொடங்கியவர்களைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். ஆய்வை வகுத்தவர்கள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வந்த கணக்கு, அதிக ஆக்சிஜனில் தொடங்குவது உயிரைக் காக்கக்கூடும் என்ற பக்கம் சாய்கிறது. ஆகவே ஊசல் இன்னும் ஆடுகிறது. 100 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்களின் இடத்தில் 21 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களை உட்காரவைத்தால் நாம் கற்றது ஒன்றுமில்லை. அந்தந்தக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, மானியைப் பார்த்து, தேவைப்பட்டால் கூட்டி, தேவை தீர்ந்தால் குறைப்பது என்பதில் மந்திரத்துக்கு இடமில்லை. அது சிரத்தை கேட்கிற வேலை.

மாமியாரிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். ஹைபோசாந்தினை விட்டுவிட்டு, பட்டினி கிடந்த உடம்புக்கு ஆக்சிஜன் ஒரேயடியாக வந்தால் தாங்காது என்பதை மட்டும். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வெரதம் முடிச்சவனுக்கு மொதல்ல கஞ்சிதானே குடுப்போம்" என்றார். எட்டு வருஷத்து வழக்கு அந்த ஒரு வரியில் தள்ளுபடியானதுபோல் இருந்தது. ஆகவில்லை. "அதெல்லாம் சரி மாப்பிள்ளை. அன்னைக்கு அங்க நின்ன எனக்கு யாரு இதைச் சொன்னா?" என்று கேட்டார்.

இது நியாயமான கேள்வி. 2009இல் மத்திய அரசு தொடங்கிய சிசு பாதுகாப்புப் பயிற்சியில் நர்ஸ்களுக்கு இரண்டு நாளில் இந்தப் பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். துணைக்கு நிற்கிற பாட்டிக்கு ஒரு வாக்கியம் சொல்லக் கற்றுக்கொடுப்பதாகத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அந்தப் பெண்ணுக்குப் பேச நேரமில்லை. அதற்கப்புறம் அடுத்த பிரசவம் காத்திருந்தது. எங்களிடம் இருக்கும் காகிதத்தில் செய்ததற்கெல்லாம் கட்டம் இருக்கிறது: தையல், ஊசி, தடுப்பு மருந்து, எடை. தெரிந்தே செய்யாமல் விட்டதற்குக் கட்டம் இல்லை. எங்கள் பேங்கிலும் அப்படித்தான். கொடுத்த கடனுக்கு லெட்ஜர் உண்டு. கொடுக்காமல் இருந்து ஒருவனைக் காப்பாற்றியதற்கு ஒரு பக்கமும் கிடையாது.

என் மனைவி அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆக்சிஜனைப் பற்றிய பேச்சுக்கு அவள் வரவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக வேறொரு கேள்வியைத் தன் அம்மாவிடம் கேட்டாள்.

"அவங்க அமுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அவ அழ எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். எந்தக் காற்று என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் என்பது. மாமியார் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நம்ம வாசக் குழாயில ஒரு கொடம் நெறையற நேரங்கூட இல்லடி."

எங்கள் தெருவில் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். மறுநாள் காலை என் மனைவி குடத்தை வைத்துவிட்டு, கையில் போனோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். எத்தனை நிமிஷம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.